ஊசிக்குப் பின் இரண்டு நாள்

அப்பாவின் சட்டையில் மேல் பட்டன் மாட்டவில்லை. அதுதான் முதல் அறிகுறி. துவைத்ததில் காலர் சுருங்கிவிட்டது என்றார். வேறு சட்டை எடுத்தார்; அதுவும் மாட்டவில்லை. கழுத்தின் இடப்பக்கம், காதுக்குக் கீழே, நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இருந்தது. தொட்டால் வலி இல்லை. வலிக்காததால் அந்த மழைக்காலம் முழுவதும் அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

பயாப்சி (சிறு துணுக்குச் சதை எடுத்துச் செய்யும் சோதனை) முடிவு, லிம்ஃபோமா (நிணநீர்க் கணுக்களில் தோன்றும் புற்றுநோய்) என்று வந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ (புற்றணுக்களை அழிக்கும் மருந்து) நரம்பு வழியாக ஏற்றப்படும், காலையில் வந்து மாலையில் வீட்டுக்குப் போய்விடலாம் என்று மருத்துவர் ஹிந்தியில் சொன்னார். வீட்டுக்குப் போகலாம் என்பதைக் கேட்டு நிம்மதி அடைந்தோம். மருந்தும் கூடவே வீட்டுக்கு வரும் என்பது அப்போது தெரியாது.

தாராவியில் எங்கள் வீடு ஓர் அறை. அதன் மேல் ஏணி ஏறிப் போகும் இன்னோர் அறை. அம்மா இறந்த பிறகு கீழே அப்பா தனியாகப் படுத்துக்கொள்வார். மேலே தம்பியும் அவன் மனைவி செல்வியும். செல்விக்கு அப்போது ஐந்தாம் மாதம். அவன் அக்காவான நான் செம்பூரில் இருக்கிறேன்.

முதல் நாள், மருந்து ஏற்ற வந்த நர்ஸ் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கையுறை மாட்டியிருந்தார். உடலை மூடும் அங்கி, முகக்கவசம், கண்ணுக்குக் கண்ணாடி. கையில் இருந்த மருந்து ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அவுகளே தொடப் பயப்படுத மருந்தையா எனக்குள்ள ஏத்துதாவ?"

நர்ஸ் கேரளத்துக்காரர், தமிழ் புரியும். "அங்கிள், உங்களுக்கு நோய் இருக்கு. அதனால உங்களுக்கு இது மருந்து. எனக்கு நோய் இல்ல. தினமும் தொடுற எனக்கு இது விஷம்தான்" என்றார். ஊசி குத்திய இடத்தில் எரிந்தாலோ வீங்கினாலோ பொறுத்துக்கொள்ளக் கூடாது, அந்த நொடியே சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். இந்த மருந்து நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையை அரித்துவிடுமாம். கீமோ என்றால் வலிக்கத்தான் செய்யும் என்று வாய்மூடி இருப்பவர்கள்தான் தன்னைப் பயமுறுத்துகிறார்கள் என்றார்.

மாலையில் என்னைத் தனியே அழைத்து வீட்டுக்கான விதிகளைச் சொன்னார். மருந்து உடலிலிருந்து சிறுநீர், மலம், வாந்தி, வியர்வை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். இரண்டு நாள் எச்சரிக்கை வேண்டும். அவற்றைச் சுத்தம் செய்பவர் கையுறை போட வேண்டும். நனைந்த துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். கழிப்பறையில் இரண்டு மடங்கு தண்ணீர் ஊற்ற வேண்டும். கர்ப்பிணி இதில் எதையும் தொடக் கூடாது. (எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும். இதைப் படிப்பவர்கள் உங்கள் நர்ஸிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.)

பக்கத்தில் உட்காரலாம், கட்டிப்பிடிக்கலாம், சேர்ந்து சாப்பிடலாம், பாத்திரம் கழுவினால் போதும் என்பதையும் அவர் சொன்னார். நான் அதை அப்பாவிடம் அப்படியே சொன்னேன்.

ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் இரண்டு நாள் விடுப்பெடுத்துத் தாராவியில் தங்கினேன். சந்தின் முனையில் உள்ள பொதுக் கழிப்பறைக்கு அவரால் நடக்க முடியவில்லை. மூடி போட்ட வாளி ஒன்று வைத்தோம். முதல் நாள் சிறுநீர் மருந்தின் நிறத்திலேயே இருந்தது. தம்பி பதறினான், நர்ஸ் முன்பே சொல்லியிருந்ததால் நான் பதறவில்லை. மூன்றாம் நாள் காலை அப்பா, "முடிஞ்சிட்டா?" என்று கேட்பார். முடிந்தது என்று கையுறையைக் கழற்றி அவர் கையைப் பிடிப்பேன்.

எங்கள் வீட்டில் எவர்சில்வர் டம்ளர்கள் எல்லாம் ஒரே மாதிரி. எதிலும் பெயர் வெட்டப்படவில்லை. பெயர் வெட்ட அப்பா சம்மதித்ததில்லை. திருநெல்வேலிப் பக்கம் அவருடைய ஊர் டீக்கடையில் எங்கள் சாதிக்காரர்களுக்குத் தனி கிளாஸ். கூரையில் செருகி வைத்திருப்பார்கள். குடித்துவிட்டு அவர்களே கழுவி வைக்க வேண்டும். பம்பாய் வந்த அன்று, ஒரே வாளியில் முக்கி எடுத்த கிளாஸில் யார் யாரோ குடித்த பிறகு தனக்கும் கட்டிங் சாய் (அரை கிளாஸ் டீ) கிடைத்தது என்பார். பை தைக்கும் பட்டறை ஒன்றில் கடைசிவரை அவர் நிலைத்ததற்கு, வாசலில் இருந்த அந்த மாதிரிக் கடையும் ஒரு காரணம்.

இரண்டாம் ஊசிக்குப் பிறகு அந்த டம்ளர்களில் ஒன்றை அவரே எடுத்துச் சன்னல் ஓரத்தில் வைத்தார். குடித்து, தாமே கழுவி, அங்கேயே கவிழ்த்தார். அலமாரியில் வைக்க விடவில்லை. செல்வி ஏணியிலிருந்து இறங்கினால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மூச்சில்கூட மருந்து இருக்கும் என்று நம்பினார்.

செல்விக்கு அது தாங்கவில்லை. சன்னல் சந்துப் பக்கம் இருந்ததால் டம்ளர் வெளியே தெரிந்தது. தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில், "மாமனாருக்குத் தனி டம்ளராமே? நீயும் பெரிய சாதி ஆயிட்டியோ?" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள்.

"மாமா, நீங்க செய்ததுக்கு நானில்லா ஏச்சு வாங்குதேன்" என்று வந்து அழுதாள். அப்பா டம்ளரைத் திரைச்சீலைக்குப் பின்னால் தள்ளி வைத்தார்.

அடுத்த முறை நர்ஸிடம் அப்பாவின் முன்னாலேயே கேட்டேன். டம்ளரெல்லாம் தேவையே இல்லை அங்கிள் என்று அவர் சொன்னார். திரும்பும் டாக்ஸியில் அப்பா சொன்னார்:

"அவுக சொல்லுதது எனக்கு வெளங்காமயா இருக்கு? அன்னைக்கு அவன் எனக்கு வச்சான். இன்னைக்கு நானே வச்சிருக்கேன், அந்தப் பிள்ளைக்காவ. ரெண்டும் ஒண்ணாட்டீ?"

டாக்ஸி சயான் சிக்னலில் நீண்ட நேரம் நின்றது.

வெள்ளை அணுக்கள் குறைந்ததால் ஊசிகள் தள்ளிப்போயின. ஆறாம் ஊசி முடிந்த வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. கட்டி கரைந்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று அப்பா வாசலில் நின்றே குழந்தையைப் பார்த்தார். மருந்து எப்போதோ வெளியேறிவிட்டது என்றேன். கேட்கவில்லை. அவர் மனம் இறங்கிவரும் நேரத்தில், அக்குளில் புதிய கட்டி வந்தது, கழுத்துக் கட்டியும் திரும்பி வந்தது. வேறு மருந்து, வேறு நிறம், மறுபடி கையுறை. குழந்தை குப்புற விழுந்ததையும் தவழ்ந்ததையும் அறையின் எதிர்மூலையிலிருந்து பார்த்தார். அது தவழ்ந்து நெருங்கினால் காலை மடக்கிக்கொள்வார். நாங்கள் வற்புறுத்தினால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

ஒரு நாள் மருத்துவர் ஸ்கேன் படங்களை வைத்துக்கொண்டு எங்களை உட்காரச் சொன்னார். மருந்து வேலை செய்யவில்லை, இதற்கு மேல் ஏற்றினால் உடல்தான் நோகும், இனி வலி இல்லாமல் பார்த்துக்கொள்வோம் என்றார். நான் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். அப்பா கையை உயர்த்தி நிறுத்தினார். இத்தனை வருஷத்து பம்பாய் ஹிந்தியில் அவரே கேட்டார்: இனி ஊசியே கிடையாதா?

கிடையாது என்றார் மருத்துவர்.

"அப்பம் பிள்ளயத் தூக்கலாமான்னு கேளு" என்றார் என்னிடம்.

நான் கேட்டேன். மருத்துவருக்கு உடனே புரியவில்லை. புரிந்த பிறகு அவர் மேஜையைப் பார்த்தபடி, எப்போதுமே தூக்கியிருக்கலாம் என்றார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. அப்பாவுக்கு அது தேவைப்படவுமில்லை.

கடைசி ஊசி போட்டு அப்போதே இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஆனாலும் வீடு வந்து இரண்டு நாள் காத்திருந்தார். மூன்றாம் நாள் காலை சன்னல் ஓரத்து டம்ளரைக் கழுவி, அலமாரியில் மற்றவற்றோடு அடுக்கினார். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கையை நீட்டினார். செல்வி குழந்தையை மடியில் வைத்தாள். அது அவர் கழுத்துக் கட்டியைப் பிடித்துப் பார்த்தது. சற்று நேரத்தில் அவர் வேட்டியை நனைத்தது.

"ஏட்டி, இதுக்குக் கையுறை வேண்டாமான்னு அந்த நர்ஸம்மாட்ட கேளு" என்றார்.

செல்விதான் முதலில் சிரித்தாள். வேட்டியை மாற்ற அவர் விடவில்லை. அன்று மதியம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். மாலை டீ ஊற்றும்போது, அலமாரியில் எது அவருடைய டம்ளர் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு ஏழு வாரம் இருந்தார். வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். அதற்கு வலி பெரும்பாலும் கேட்டது. குழந்தை அநேகமாக அவர் மடியில்தான் தூங்கியது. இறந்த பிறகு தம்பியும் நானும் வெறுங்கையால் அவர் உடலைத் துடைத்தோம். பழைய சட்டையை அணிவித்தோம். கட்டி அப்படியே இருந்தும் மற்ற சதை வற்றியிருந்ததால், மேல் பட்டன் மாட்டியது.

அந்த மூன்று வாரக் கணக்கு என் உடம்பில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் இரண்டு நாள் என் கைகள் தாமாகவே எல்லாவற்றிலிருந்தும் சற்று விலகி நிற்கின்றன. துணி உலர்த்தும்போது, மாவு பிசையும்போது. மூன்றாம் நாள் காலை, முடிந்துவிட்டது என்று சொல்வதற்கு ஆளில்லாமல் விழித்துக்கொள்கிறேன்.