கொழுந்து லொறியின் கொக்கிகள்

போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது, பக்கத்து வீட்டு வாத்தியார் தன் ஜீப்பைப் பார்க்கக் கூப்பிட்டார். கூரையில் வரிசையாக விளக்கு, பம்பருக்கு மேல் இன்னொரு பம்பர். உள்ளே பலகை அடித்து வார்னிஷ் பூசியிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் எழுபதுகளுக்குப் போய்விட்டேன்.

அப்போது இலங்கை மலைநாட்டில், ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டிக்கொண்டிருந்தேன். நாலு சக்கரமும் இழுக்கிற பழைய பட்டாளத்து லொறி. எவ்வளவு சேறானாலும் ஏறிவிடும். பார்வைக்கு மட்டும் பூதம். எனக்கோ கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை, மீசையும் புதுசு. பூதத்தின் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொள்ள முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

லொறியைக் கொஞ்சம் அழகாக்கலாமா என்று தோட்டத்துத் துரையிடம் கேட்டேன். கொழுந்து நசுங்காவிட்டால் சரி என்றார். சாக்குகளைத் தொங்கவிட லொறிப் பெட்டியின் இரண்டு பக்கமும் துருப்பிடித்த கொக்கிகள் இருந்தன. அவற்றை அறுத்தெறிந்துவிட்டு, சாக்குகளை அடுக்க மடக்குப் பலகைத் தட்டுகள் வைத்தேன். உள்ளே வார்னிஷ், வெளியே தாமரைப்பூ, முன்கண்ணாடியில் அந்தோனியார். ஒரு கொழுந்துகூட நசுங்கவில்லை. அழகும் ஆச்சு, வேலையும் ஆச்சு என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். பின்னால் ஏறுகிற பெண்களிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களுக்கு என்ன தெரியும் என்ற நினைப்புதான்.

ஆடி மழையில் ஒரு காலை என் மனைவி ரோசாவுக்கு வலி கண்டது. வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு வந்து நின்ற பெண்கள் நாலு பேர் அவளைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் கம்பளியோடு முதலில் ஏறிய பார்வதியக்கா அப்படியே நின்றுவிட்டார்.

“என்னா தம்பி, கொக்கியெல்லாம் எங்க?”

“அறுத்துட்டேன்க்கா. கொழுந்துக்குத்தான் தட்டு இருக்கே.”

“கொழுந்துக்கு இருக்கு. புள்ளத்தாச்சிக்கு? கம்பளிய நாலு கொக்கியில கட்டி, தூளி மாதிரி தொங்கவிட்டுத்தான கொண்டுபோவோம். இந்த ரோட்டுல பலகையில கெடத்துனா என்னாத்துக்கு ஆகும்?”

நான் அந்தத் தோட்டத்துக்கு வந்து நாலே மாதம். அதுவரை என் லொறியில் ஒரு பிரசவமும் போகவில்லை.

“நீ வண்டிய எடு தம்பி” என்றார் அக்கா.

கம்பளியில் ரோசாவைக் கிடத்தி, ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு நாலு பேரும் நின்றார்கள். எட்டு மைல். குழிக்குக் குழி “மெதுவா, மெதுவா” என்று சத்தம் வந்தது. நடுவில் ரோசாவின் முனகல். பயத்தில் அழுதுகொண்டேதான் ஓட்டினேன். ஆஸ்பத்திரியில் இறக்கியபோது பார்வதியக்காவின் விரல்கள் மடங்கினபடியே நின்றன, நிமிரவில்லை. மகள் பிறந்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மறுநாளே புதுக் கொக்கிகளைப் பற்றவைத்தேன். சிவப்புப் பெயிண்டும் அடித்தேன். அந்தப் பித்து லேசில் போகுமா?

பிறகு, தோட்டத்து ஆட்களை இரண்டு நாட்டுக்கும் பிரித்த இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில் அந்த நாலு குடும்பங்களுக்கும் இந்தியா என்று வந்தது. ஹட்டன் ஸ்டேஷனுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். அவர்களின் மூட்டைகள் அந்தக் கொக்கிகளில் ஆடிக்கொண்டு வந்தன. மன்னிப்புக் கேட்க நினைத்தேன், மூட்டைகளைத்தான் இறக்கி வைத்தேன். “கொக்கிய மறுபடி அறுத்துப்புடாத தம்பி” என்று சிரித்துவிட்டு பார்வதியக்கா ரயில் ஏறினார்.

நான் அறுக்கவில்லை. எண்பதுகளில் லொறியைப் பழைய இரும்புக்கு எடுத்தவர் முதலில் அறுத்தது அவற்றைத்தான். இந்தியாவில் அவர்கள் எந்த ஊரில் இறங்கினார்கள் என்றும் தெரியாது. ஒரு கடிதம்கூட வரவில்லை. மகளுக்குக் காட்ட அந்த லொறியும் இல்லை, அந்தக் கைகளும் இல்லை.