தகர டப்பாவின் முழு விலை

மர்ஹூன் எதையாவது திட்டினால் அது அவருக்கு உயிர் என்று அர்த்தம். பிதியா டவுனுக்குத் தெற்கே பாலைவன மணலுக்குள் வாழ்கிற அத்தனை குடும்பங்களுக்கும் இது தெரியும். மூன்று வருஷம் தொடர்ந்து பந்தயத்தில் முந்தி வந்த ஒட்டகத்துக்கு அவர் வைத்த பெயர் நொண்டி. கல்யாணமாகி ஸூரில் குடித்தனம் நடத்துகிற இரண்டு மகள்களையும் "அந்த ரெண்டு கழுதைங்க எப்படி இருக்குதுங்க?" என்றுதான் விசாரிப்பார். முதல் பேரன் பிறந்தபோது தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன இது, உரிச்ச முயலு மாதிரி?" என்றார். சம்பந்தி வீட்டார் முகத்தைச் சுளித்தார்கள். பெற்றவள் மட்டும் பூரித்துப்போனாள்.

மனைவி ஸுவைனாவை அவர் 'கிழவி' என்பார். இருபத்திரண்டு வயதிலிருந்தே அவள் கிழவிதான். இப்போது ஐம்பத்து மூன்று ஆகிறது, இனிமேல்தான் அந்தப் பட்டம் பொருந்தப்போகிறது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

எல்லாவற்றையும்விட அதிகமாக வசவு வாங்கியது அவருடைய பழைய லேண்ட் குரூசர். தகர டப்பா, ஓட்டைச் சட்டி, நொண்டிக்குத் தங்கச்சி என்று ஒரு நாளைக்கு ஒரு பெயர். அந்த வண்டி எதற்காக உருமாறியது என்பது ஸுவைனாவுக்குத் தெரியும். ஆனால் அவர் வாயால் ஒருதரம்கூடக் கேட்டதில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் தண்ணீர் லாரியின் ஏணியிலிருந்து வழுக்கி விழுந்து அவள் இடுப்பெலும்பு முறிந்தது. குலுக்கல் கூடவே கூடாது என்று இப்ரா ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லிவிட்டார். மணலில் பிறந்து மணலில் வளர்ந்தவளுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். பிதியாவில் சும்மா பூட்டிக் கிடந்த சிமென்ட் வீட்டில் ஏழு மாசம் ஏசி இரைச்சலைக் கேட்டுக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். வியாழன்தோறும் மர்ஹூன் ஒட்டகப் பாலோடு வருவார். வாசலில் நின்று, "இன்னும் சாகலையா கிழவி?" என்பார். பாலை வைத்துவிட்டுப் போய்விடுவார்.

மூன்றாம் மாசம் இரண்டு ஒட்டகங்களை விற்றார். வண்டியைச் சினா என்கிற ஊரில் ஒரு பட்டறையில் விட்டு, ஐந்து மாசம், வியாழன் போக மற்ற நாளெல்லாம் தானும் அங்கேயே விழுந்து கிடந்தார். ஒருநாள் சிமென்ட் வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடித்தார்.

"ஏறு. ஆட்டுத்தீவனம் ஏத்த டப்பாவைக் கொஞ்சம் மாத்தினேன்."

முதல் மணல்மேட்டில் ஏறும்போது ஸுவைனா கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டாள். வலி வரவில்லை. இரண்டாவது மேட்டிலும் வரவில்லை. மூன்றாவது மேட்டில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவருக்குத் தெரியாமல் அழுதாள். அன்றிலிருந்து அவள் மணலில்தான் இருக்கிறாள். மருந்துக்கு டவுனுக்குப் போய், மாலையில் வீடு திரும்புகிறாள்.

போன குளிர்காலத்தில் மர்ஹூனின் தம்பி முறைக்காரன் ஸர்ஹானின் வண்டி மேட்டிலிருந்து சறுக்கி உருண்டது. ஆள் பிழைத்தான், வண்டி போயிற்று. அவனும் அதில் ஏகப்பட்டது மாற்றிப் பூட்டியிருந்தான். ஆனால் அதில் ஒன்றைக்கூட இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லி வைக்கவில்லை. அவர்களும் எதுவும் மாற்றாத வெறும் வண்டிக்கு, அதன் வயதைக் கழித்து ஒரு தொகையைக் கொடுத்தார்கள். அதில் இன்னொன்று கட்ட முடியவில்லை. மணலில் ஓட வண்டி இல்லாததால் ஸர்ஹானின் மனைவியும் குழந்தைகளும் இப்போது டவுனில் இருக்கிறார்கள்.

அதைக் கேட்ட நாளிலிருந்து ஸுவைனாவுக்கு நெஞ்சில் பயம் ஏறிவிட்டது. அவளே இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்து விசாரித்தாள். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். வண்டிக்காரர் என்னென்ன மாற்றினார், எதற்காக மாற்றினார் என்று ஒவ்வொன்றையும் காட்டிச் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் பேசி ஒரு தொகையை முடிவு செய்து எழுதிவிட்டால், நாளைக்கு வண்டி போனாலும் அந்த முழுத் தொகையும் கைக்கு வரும். சொல்லாத பொருளுக்கு ஒரு பைசா கிடையாது.

"நீ சொல்லணும், அவ்ளோதான்," என்றாள் ஸுவைனா.

மர்ஹூன் முகம் கறுத்தது. பணம் கட்டுவதற்கு அவர் அஞ்சவில்லை. வாய் திறந்து நல்லதைச் சொல்ல வேண்டுமே, அதற்குத்தான் அஞ்சினார்.

ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், பெருநாள் ஒட்டகப் பந்தயத்தன்று, மூன்று வயது மகன் ஷாமிஸைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆண்கள் கூட்டத்தின் நடுவே போய் நின்றார் மர்ஹூன். "இந்த மணல்ல இவன மாதிரி இன்னொரு பையனக் காட்டுங்க பாப்போம்!" என்று கத்தினார். எதைப் புகழ்ந்தாலும் கண் படாமலிருக்கச் சொல்கிற மாஷா அல்லாஹ்வை அந்தச் சந்தோஷத்தில் சொல்ல மறந்துபோனார். மூன்றாம் நாள் காய்ச்சலில் பையன் போய்விட்டான். கண் பட்டுவிட்டது என்று ஊர் சொன்னது. ஊரின் கண் இல்லை, தன்னுடைய கண்ணேதான் என்று மர்ஹூன் முடிவு கட்டிக்கொண்டார். அதன் பிறகு எதையும் அவர் புகழ்ந்ததில்லை. தலைச்சன் பிள்ளையின் பேரால் தகப்பனைக் கூப்பிடுவது ஊர் வழக்கம். ஆனால் அவரை அபூ ஷாமிஸ், அதாவது ஷாமிஸின் அப்பா, என்று கூப்பிட அதற்குப் பிறகு யாருக்கும் நாக்கு எழவில்லை.

மஸ்கத்திலிருந்து ஹைதம் என்ற இளைஞன் வருகிற அன்று காலையில் மர்ஹூன் செய்த காரியத்தைப் பார்த்து ஸுவைனா தலையில் அடித்துக்கொண்டாள். மதிப்புப் போட ஆள் வருகிறான் என்றால் ஊரில் எல்லோரும் வண்டியைக் கழுவுவார்கள். இவர் கண்ணாடியெல்லாம் புழுதி பூசினார். மணலில் புதைந்தால் வண்டியை இழுக்க முன்னால் மாட்டியிருந்த வின்ச்சைக் கழற்றி, இரும்புக் கயிறோடு தீவனக் கட்டுகளுக்குள் புதைத்தார். ஸுவைனாவின் சீட்டின்மேல் ஆட்டு வாடை அடிக்கிற கம்பளியைப் போர்த்தினார். கடைசியில், எதற்கும் இருக்கட்டும் என்று வண்டியைச் சுற்றி சாம்பிராணிப் புகையும் காட்டினார்.

ஹைதம் நல்ல பையன். பேரீச்சம்பழம் தின்று மூன்று கோப்பை கஹ்வாக் காப்பி குடித்து, போதும் என்று கோப்பையை ஆட்டிக் கொடுத்துவிட்டு மரியாதையாகக் கேட்டான்.

"மாமா, உங்கள யாரோட அப்பான்னு கூப்பிடறது?"

"மர்ஹூன்னு பேரு இருக்கில்ல? அதச் சொல்லியே கூப்பிடு தம்பி."

ஹைதம் பேச்சை வண்டிக்கு மாற்றினான். "இந்த ஸ்பிரிங் எல்லாம் புதுசா போட்டதா?"

"புதுசாவது ஒண்ணாவது. பழைய இரும்பு. தீவனம் ஏத்தறதுக்கு."

"இன்ஜின்?"

"இருமும். நீயே கேக்கப்போற."

"உள்ள கூண்டு மாதிரி கம்பி வச்சிருக்கீங்களே, கவுந்தா காப்பாத்தத்தானே?"

"துணி காயப்போட."

"இந்த ரெண்டாவது பேட்டரி?"

"மொதல் பேட்டரிக்குப் பேச்சுத்துணை."

ஹைதம் சிரிக்கவில்லை. பாவம், வேலைக்குப் புதுசு. சொன்னதையெல்லாம் அப்படியே எழுதிக்கொண்டான். உலகத்தில் இன்சூரன்ஸ்காரனிடம் தன் வண்டியைத் தானே குறை சொன்ன மனிதர் இவர் ஒருத்தராகத்தான் இருப்பார். கடைசியில் ஹைதம் சங்கடத்தோடு தாளை நீட்டினான்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சொல்றதப் பாத்தா ரெண்டாயிரத்து முந்நூறு ரியாலுக்கு மேல எழுத முடியாது. சம்மதம்னா கையெழுத்துப் போடுங்க."

மர்ஹூன் பேனாவை வாங்கிவிட்டார்.

"தம்பி," என்று நிழற்பந்தலுக்குள்ளிருந்து ஸுவைனாவின் குரல் வந்தது. "சோறு வேகுது. உனக்குன்னு ஆடு அறுத்திருக்கு. சாப்பிடாம எந்தத் தாள்லயும் யாரும் கையெழுத்துப் போடக்கூடாது. மர்ஹூன், இங்க வா, பானைய இறக்கணும்."

பானையை இறக்க வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை. ஈச்சமட்டை அடைப்புக்குள் அவர் வந்ததும் அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ரெண்டாயிரத்து முந்நூறா? அது என் சீட்டுக்கும் ஸ்பிரிங்குக்குமே காணாது. நாளைக்கு அது உருண்டா நான் எங்க இருப்பேன்னு தெரியுமா? அந்தச் செவுத்து முன்னாடி."

"பெருசாச் சொன்னா உருளாமலே வண்டி கைவிட்டுப் போயிரும். கண்ணு பட்ட பொருள் தங்காது."

"யாரு கண்ணு? அந்தப் புள்ள கண்ணா?"

மர்ஹூன் கரண்டியை எடுத்துச் சோற்றைக் கிளறினார். "என் கண்ணு," என்றார். "ஒருதடவ பட்டது போதாதா? அதச் சொல்லிட்டு, நாளைக்கு நீ அதுல ஏறி உக்காருவ. எனக்குப் பயமா இருக்கு கிழவி."

முப்பத்தோரு வருஷத்தில் அவர் அதைச் சொல்லி அவள் கேட்டது அன்றுதான். அத்தனை காலமாகத் தான் மறைத்து வைத்திருந்ததை ஸுவைனா சொல்லத் தொடங்கினாள்.

"மர்ஹூன். அன்னிக்குக் காலைல அவனுக்குப் பெருநாள் சட்டை போட்டுவிட்டது நான்தானே. அப்பவே உடம்பு சுட்டுச்சு."

கரண்டி நின்றது.

"நீ அவனத் தோள்ல தூக்கறதுக்கு முன்னாடியே. நீ ஒரு வார்த்த சொல்றதுக்கு முன்னாடியே. வெளில ஓடி வெளையாண்ட சூடுன்னு நெனச்சேன். நீ அவ்ளோ ஆசையா வாசல்ல நின்னுட்டிருந்த, சரி போயிட்டு வரட்டும்னு விட்டுட்டேன். அப்பறம் எல்லாரும் கண்ணு, கண்ணுன்னு சொன்னப்ப நான் வாயத் திறக்கல. தெரிஞ்சும் ஏன் விட்டன்னு நீ கேட்டா நான் செத்துருவேன்னு பயந்தேன். நீ உன்னையே திட்டிட்டிருந்த. நான் பாத்துட்டே இருந்தேன். என் உசிரக் காப்பாத்திக்க உன்ன விட்டுட்டேன்."

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. என்ன வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று தலையைக் குனிந்து நின்றாள். வெளியே ஹைதம் யாருக்கோ போனில் ஸலாம் சொல்லிக்கொண்டிருந்தான். சோறு அடிபிடிக்கிற வாசனை வந்தது.

"முப்பத்தோரு வருஷமா இத உள்ள வச்சிருந்தியா?" என்றார் மர்ஹூன்.

"ஆமா."

"தனியாவா?"

அவள் அடுப்பைத் தணித்தாள்.

"பைத்தியக்காரக் கிழவி," என்றார். "மடக் கிழவி. புத்திகெட்ட கிழவி." தலைத்துணியின் நுனியால் முதலில் அவள் முகத்தைத் துடைத்தார், பிறகு தன் முகத்தை. அவர் எதையாவது திட்டினால் என்ன அர்த்தம் என்று ஸுவைனாவைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

சாப்பாடு முடிந்து கை கழுவியதும் மர்ஹூன் நேராகத் தீவனக் கட்டுகளுக்குப் போனார். ஹைதம் திகைத்துப் பார்க்க, வின்ச்சை வெளியே இழுத்துப் போட்டார். பிறகு ஒரு வாளித் தண்ணீரை வண்டியின் மேல் ஊற்றினார்.

"தம்பி, அந்தத் தாளக் கிழி. புதுசா எழுது. நான் சொன்னதெல்லாம் பொய்."

"எதெல்லாம் மாமா?"

"எல்லாமே."

ஸ்பிரிங்கைத் தொட்டார். "இது..." என்றார். ஸுவைனா கைத்தடியை ஊன்றி அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இது மாஷா அல்லாஹ் நல்ல ஸ்பிரிங். மேட்டுலேர்ந்து இறங்கினா தூங்கற குழந்தைகூட முழிக்காது. மூணு தடவ மாத்திப் பாத்துப் போட்டது. இந்தக் கம்பிக் கூண்டு, உருண்டா இவ தலையில ஒண்ணும் படக்கூடாதுன்னு. ரெண்டாவது பேட்டரி, இவ மருந்து வைக்கிற குளிர்ப்பெட்டிக்கு. வழில இன்ஜின நிறுத்தினாலும் மருந்து கெடாது." கம்பளியை உருவி எறிந்தார். "இந்தச் சீட்டு பெரிய லாரியோடது. அடியில காத்துப்பை இருக்கு. இதத் தேடி ஸொஹார் வரைக்கும் நாலு தடவ போனேன். மொதல்ல நானே உக்காந்து நாப்பது மேடு ஏறி இறங்கிப் பாத்தேன். இடுப்புக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சப்பறம்தான் இவளக் கூப்பிடப் போனேன்."

நாற்பது மேடு விஷயம் ஸுவைனாவுக்குத் தெரியாது. அவள் தடியின் பிடியை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ ஆட்டுத்தீவனம்?" என்றான் ஹைதம்.

"ஒருநாளும் ஏத்தினதில்ல."

ரசீதுகளும், வண்டியை மாற்றியதற்கான போலீஸ் அனுமதிச் சீட்டும் ஸுவைனாவின் துணிப்பெட்டியிலிருந்து வந்தன. அவர் தூக்கிப் போட்டவற்றையெல்லாம் அவள் பொறுக்கி வைத்திருந்தாள். ஹைதம் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினான்.

"முழு மதிப்பு எவ்வளவுன்னு நீங்க சொல்லணும் மாமா."

மர்ஹூன் மூச்சை இழுத்தார். "பதினாலாயிரம் ரியால். மாஷா அல்லாஹ்."

வானம் இடிந்து விழவில்லை. நொண்டி மட்டும் தூரத்தில் ஒரு செருமல் செருமியது. ஹைதம் கூட்டிப் பார்த்துத் தலையை ஆட்டி, தாளை நீட்டினான். மர்ஹூன் கையெழுத்துப் போட்டார்.

"வர்றேன் மாமா," என்று புறப்பட்டான் ஹைதம்.

"அபூ ஷாமிஸ்னு கூப்பிடு தம்பி," என்றார் அவர்.

வெயில் சாய்ந்ததும் ஒட்டகங்களைப் பார்க்கப் போகலாம் என்றார். ஸுவைனாவைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார். அவள் உட்கார்ந்ததும் சீட்டின் அடியில் காற்றுப்பை மெல்லப் பெருமூச்சு விட்டது. முதல் மேட்டின் உச்சியில் வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்கில் கையை வைத்தபடி மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம ஷாமிஸ் எவ்ளோ அழகா இருந்தான், இல்ல?" என்றார்.

"மாஷா அல்லாஹ்," என்றாள் ஸுவைனா அவசரமாக, அவன் இன்னும் அவர் தோளில் உட்கார்ந்திருப்பதுபோல.