குளிர் ஏறி வரும் பாலம்

நவம்பர் மாதக் காலைகளில் எங்கள் தெருவில் எல்லோரும் ஜன்னல்களை விரியத் திறந்து வைக்கிறார்கள். வெளியே விரல் மரத்துப்போகும் குளிர், ஓயாத தூறல். உள்ளே சூடேற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. எதிர்வரிசையில் பதினான்கு ஜன்னல்கள். பிரான்சின் மேற்குக் கடைசியில் இருக்கும் இந்த பிரெஸ்ட் நகரத்துக்கு வந்த புதிதில் எண்ணிப் பார்த்தேன், பதின்மூன்று திறந்திருந்தன. சூடாக்கிய காற்றை இப்படித் தெருவுக்குத் தானம் செய்கிறார்களே என்று வயிறு எரிந்தது. இந்தப் பக்கம் மூடியே கிடந்தது எங்கள் வீடுதான்.

அதற்குக் காரணம் என் மனைவி சரோஜா. மகள் வாணிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. மாப்பிள்ளை ஒரு சொல்தாவின் பேரன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். அவருக்குக் கப்பலில் வேலை, வீட்டில் இருப்பது அபூர்வம். ஆகவே தாயையும் சேயையும் பார்த்துக்கொள்ள நாங்கள் வந்தோம். "பச்ச ஒடம்பு, காத்து ஆகாது" என்று சரோஜா முதல் நாளே அறையை அடைத்துவிட்டாள். இங்கே ஜன்னல் சட்டத்தின் தலையில் நீளமாக ஒரு கீற்று விட்டிருக்கிறார்கள், காற்று எப்போதும் உள்ளே வருவதற்காக. என் பழைய வேட்டியைக் கிழித்துத் திரித்து அதில் திணித்தாள். கதவின் அடியிடுக்குக்கு ஒரு துண்டு. குழந்தையின் துணிகளும் அந்த அறைக்குள்ளேயே காய்ந்தன.

கொஞ்ச நாளில் தொட்டிலுக்கு மேலே, கூரையும் சுவரும் சேரும் மூலையில் கரும்புள்ளிகள் தோன்றின. நான் முத்தியால்பேட்டைக்காரன், ஆலையின் பண்டகசாலையில் நூல்கண்டுகளை எண்ணியே காலத்தைக் கழித்தவன். முதலில் ஒன்பது, பிறகு பதினாறு. நாற்பதைத் தாண்டியதும் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எண்ண முடியாமல் போயின. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. குழந்தையின் நெஞ்சிலும் கரகரப்பு தொடங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்க்கும் தாதி அந்த மூலையை நிமிர்ந்து பார்த்தாள். சுவர் இப்படியே இருந்தால் குழந்தை இந்த அறையில் தூங்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். இருப்பதே ஒரு படுக்கையறை. நாங்கள் அடுப்போடு சேர்ந்த கூடத்தில் சோபாவை விரித்துப் படுக்கிறவர்கள்.

"பேசாம ஊருக்குத் தூக்கிக்கினு போயிடறேன்" என்றாள் சரோஜா.

"என் வீட்ல என் புள்ள தூங்கக் கூடாதா?" என்று வாணி அழுதாள்.

முத்தியால்பேட்டை வீட்டில் இருக்கும் தம்பி ஏழுமலையிடம் போனில் கேட்டேன். "தாராளமா வாங்கண்ணா. தெக்கால செவுத்துல ஓதம் என் இடுப்பு வரைக்கும் ஏறிடுச்சு. டைல்ஸ் ஒட்டி மறைச்சேன். இப்ப டைல்ஸுக்கு மேல எட்டிப் பாக்குது" என்று சிரித்தான்.

ஓதம் என்றால் எங்களுக்குத் தெரிந்தது அதுதான். கடலோர மண்ணின் ஈரம் உப்போடு சுவரில் ஏறும். பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். ஐப்பசி மழையில் சந்து பொந்தெல்லாம் சாக்கையும் துணியையும் திணித்து அடைப்போம். வெயில் அடித்ததும் எல்லாக் கதவையும் திறந்து போடுவோம். வெப்பம் உள்ளே இறங்காமலிருக்க அப்பா மொட்டைமாடியில் தட்டோடு பதித்தார். இங்கே வெப்பம் வெளியே போகாமல் காக்க வேண்டும். ஈரமும் இங்கே மண்ணிலிருந்து வரவில்லை. எங்கள் மூச்சிலிருந்தும், சோற்றுப்பானையிலிருந்தும், காயும் துணியிலிருந்தும் வந்தது. மேல்மூலையில் தோன்றுவதை ஓதம் என்று நினைக்க எங்களுக்கு வரவில்லை. மழைதான் எங்கோ உள்ளே நுழைகிறது என்று சரோஜா இன்னும் இறுக்கி அடைத்தாள்.

குடியிருப்பு அலுவலகத்துக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் "போன்" என்றே பதில் வந்தது. அது நம் தொலைபேசி அல்ல, பிரெஞ்சில் பாலம். வியாழக்கிழமை விடுமுறை வந்தால் வெள்ளியையும் சேர்த்துச் சனி ஞாயிறோடு இணைத்துவிடுவதற்கு இங்கே அதுதான் பெயர். ஒரு வழியாக ஓர் ஆள் வந்தார். மூலையில் கருவியைக் காட்டி, "லா, சே தன் போன், மிசியே" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மறுபடியும் போனா, நீங்கள் விடுமுறைக்குப் போனால் குழந்தை எங்கே படுக்கும் என்று அரைகுறை பிரெஞ்சில் கத்தினேன். அவர் கருவியைத் தாழ்த்திக்கொண்டு வாணியைப் பார்த்தார். பல நாளைக்குப் பிறகு வாணி சிரித்தாள். "லீவு இல்லப்பா! அந்த எடத்துல குளிர் உள்ள வர ஒரு பாலம் இருக்காம்."

வெளிச்சுவர் முழுக்கக் கம்பளி போர்த்தியதுபோல வெப்பக்காப்பு உண்டு. மேல்தளத்தின் கான்கிரீட் முனை மட்டும் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. சூடு அதன் வழியே நழுவுவதால் மூலை சில்லிடுகிறது. அறையின் ஈரம் அங்கே போய் நீராகிறது. மழைக்காலம் முடிந்ததும் போர்த்திவிடுகிறோம், அதுவரை இதை எடுங்கள் என்று என் வேட்டித் திரியைக் காட்டினார்.

"அவரு பொண்டாட்டி புள்ள பெத்தப்ப தொறந்து வெச்சாரான்னு கேளுடி" என்றாள் சரோஜா.

நான்கு பிள்ளைகளுக்கும் திறந்துதான் வைத்தாராம். "பாவம் அந்தப் பொண்ணு" என்று அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அன்று மாலை தாயையும் சேயையும் கூடத்தில் விட்டுவிட்டு வெறும் அறைக்குச் சாம்பிராணி காட்டினாள். புகை மேலே போய்த் தட்டையாகப் படுத்துக்கொண்டது. வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு கதவடித் துண்டை உருவினாள். நாற்காலியில் ஏறித் திரியையும் பிடுங்கினாள். புகை மெல்ல அசைந்து, வளைந்து, கதவுக்கு அடியில் நுழைந்து காற்றை வெளியே இழுக்கும் குளியலறை விசிறியைத் தேடிப் போனது.

"போக்கே இல்லாம அடைச்சு வெச்சிருக்கேங்க" என்றாள்.

இப்போது காலையில் வாணிக்குக் காதையும் தலையையும் இறுகச் சுற்றி, தாயையும் சேயையும் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு, சரோஜாவே அந்த ஜன்னலைத் திறக்கிறாள். காப்பி ஆறுவதற்குள் மூடிவிடுவாள். துணிகள் குளியலறைக்குப் போய்விட்டன. துடைத்த மூலையில் தினமும் தேடுகிறேன். இரண்டு புள்ளிகள், அதற்கு மேல் இல்லை. தாதி குழந்தையின் நெஞ்சில் காது வைத்துக் கேட்டுவிட்டு, இங்கேயே தூங்கட்டும் என்றாள். ஏழுமலைக்கும் கட்டளை போயிருக்கிறது: "டைல்ஸ பேத்து எடு, செவுரு மூச்சு வுடட்டும்." அண்ணிக்கு வெள்ளக்காரன் காத்து அடிச்சிடுச்சு என்கிறான்.

ஜன்னல் திறந்திருக்கும் நேரத்தில் அங்கே நிற்பது என் வேலை. எதிரே பதினான்கும் திறந்திருக்கின்றன. முகத்தில் பிரெஸ்ட் தூறல் அடிக்கும். காதில் வைத்த போனில், ஏழுமலை மாடியில் மழைத்தண்ணீரைத் தள்ளும் துடைப்பச் சத்தம். சரோஜா கூப்பிட்டுத் திரும்பினால் உள்ளிருக்கும் சூட்டில் மூக்குக்கண்ணாடி வெளுத்துப்போய் எதுவும் தெரியாது. பையிலிருந்து அந்த வேட்டிக் கிழிசலை எடுத்துத் துடைக்கிறேன். ஈரம் கண்ணாடியின் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் துடைக்கிறேன்.