பட்டு மாமி ஜீப் பார்த்த கதை

புனாவின் கட்கி பஜாருக்குப் பின்னால், ரயில் பாதையை ஒட்டிப் போகும் சந்தில் இருந்த பட்டு மாமி மெஸ்ஸுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. காலை பத்து மணிக்கு மேல் அந்தச் சந்தில் நுழைகிறவரைச் சாம்பார் வாசனையே கையைப் பிடித்து அழைத்துக்கொண்டுபோய் வாசலில் நிறுத்திவிடும்.

பட்டுவின் கணவர் லக்ஷ்மிநாராயணன் வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். அவரோடு வேலை பார்த்த பாலக்காட்டுப் பையன் ஒருவன் மஞ்சள் காமாலையில் விழுந்தபோது பட்டு அவனுக்குப் பத்தியச் சாப்பாடு கொடுக்க ஆரம்பித்தாள். அவன் தேறினான்; சாப்பாட்டை மட்டும் விடவில்லை. அறைத் தோழர்களையும் கூட்டிக்கொண்டு வந்தான். அறுபதுகளின் நடுவில் இப்படித் தொடங்கியது, எழுபத்திரண்டு வாக்கில் இரண்டு பந்தி உட்காரும் மெஸ்ஸாக வளர்ந்திருந்தது.

புனாவுக்கு வந்த புதிதில் காய்கறிக்காரியிடம் விரலை மடக்கிக் காட்டிப் பேசிய பட்டு, இப்போது மராத்தியில் பேரம் பேசினாள், இந்தியில் கோபித்துக்கொண்டாள். இந்த ஊரில் அவளுக்கென்று ஒரு பெயரைத் தேடிக் கொடுத்தது அந்த மெஸ்தான். லக்ஷ்மிநாராயணனையே பலரும் 'மெஸ் மாமியின் ஆத்துக்காரர்' என்றுதான் அறிந்திருந்தார்கள்.

ஆனால் எழுபத்தெட்டில் இரண்டு பந்தி ஒன்றாயிற்று. அந்த ஒன்றிலும் இடைவெளி தெரிந்தது. பையன்களுக்குக் கல்யாணம் ஆகிக்கொண்டே வந்தது. ஆனவர்கள் ஔந்தில் ஃபிளாட் பிடித்துப் போனார்கள். ஆகாதவர்கள் குக்கர் வாங்கினார்கள். காய் நறுக்க உதவிய சாவித்ரியை ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தால் போதும் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

"மூடிடலாம் பட்டு," என்றார் லக்ஷ்மிநாராயணன். "இந்த நாலு பேருக்காக அண்டாவை உருட்டிண்டு, நோக்கும் முட்டி வலிக்கறது."

"முட்டி வலிக்கறதுக்கு மெஸ்ஸை மூடினா, தலைவலிக்கு ஆத்தையே மூடுவேளா?"

அந்தச் சமயத்தில்தான் இன்பநாதன் வந்தான். பாளையங்கோட்டைக்காரன், மெஸ்ஸில் சில வருஷம் சாப்பிட்டவன். முல்ஷிக்கு அப்பால் மலைமேல் நடந்த ஓர் அணைக்கட்டு வேலையில் சூப்பர்வைசராகச் சேர்ந்திருந்தான். அங்கிருந்த ஓவர்சியர்களும் மெஷின் ஓட்டுகிறவர்களும் பெரும்பாலும் சேலம், தர்மபுரிப் பக்கத்துக்காரர்கள். அவர்களுக்குச் சமைத்தவன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டான்.

"மாமி, மத்தியானச் சாப்பாடு மட்டும் அனுப்புங்க. ரொட்டியத் தின்னு தின்னு பசங்க மூஞ்சியே தட்டையாப் போச்சு," என்றான் இன்பநாதன்.

எழுபத்தொன்பது ஜனவரியிலிருந்து, சிந்தே என்பவரின் டெம்போவில் நாள்தோறும் சாப்பாடு மலைக்குப் போயிற்று. சாவித்ரி முழுநேரமும் திரும்ப வந்தாள். மெஸ்ஸின் அடுப்பு பழையபடி விடியுமுன் எரியத் தொடங்கியது. எல்லாம் மே மாதம் வரைதான். மேலே போகும் பாதையின் கடைசிப் பகுதி வெறும் செம்மண் சரிவு. மழை விழுந்தால் அது குழம்பாகிவிடும். "பாவ்சாத் நாஹி, மாமி," என்று கையை விரித்தார் சிந்தே. மழைக்காலத்தில் டெம்போ அந்தச் சரிவில் காலெடுத்து வைக்காது. காண்ட்ராக்டரோ, மழையானாலும் சாப்பாடு வந்தாக வேண்டும், வராவிட்டால் வேறு ஏற்பாடு செய்துகொள்வேன் என்று இன்பநாதன் மூலம் சொல்லியனுப்பிவிட்டார். மலைச் சாப்பாடு நின்றால் மெஸ்ஸும் நிற்கும் என்பதைப் பட்டுவுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இப்படித்தான் வால்டரின் ஜீப் அவர்கள் வாழ்க்கைக்குள் வந்தது.

வால்டர் வேலூர்ப் பூர்விகம்; மூன்று தலைமுறையாகக் கட்கி. ராணுவம் கழித்து ஏலம் விடும் வண்டிகளை எடுத்து, பழுது பார்த்து விற்பது அவர் தொழில். அவர் காட்டிய ஜீப்புக்கு ராணுவப் பச்சைமேல் வான நீலம் அடித்திருந்தது. வெயில் சாய்வாக விழும்போது பழைய எண் அதன் அடியிலிருந்து எட்டிப் பார்த்தது. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு எங்கிருந்தோ ஒரு டீசல் எஞ்சினைக் கொண்டுவந்து பொருத்தியிருந்தார். மேல்கூரை கித்தான், ஒட்டுப்போட்டது. தரைத் தகடு அரித்துப்போய் ஓட்டைகள் வழியே கீழே மண் தெரிந்தது.

"இதென்ன, ஓட்டை?" என்றாள் பட்டு.

"காத்தோட்டம் மாமி. காசில்லாத ஏர் கண்டிஷன்," என்றார் வால்டர். "தரையப் பாக்காதீங்க, தெம்பப் பாருங்க. இந்தக் குட்டி லீவரு இருக்குது பாருங்க, இதத் தள்ளினா முன் சக்கரமும் சேந்து இழுக்கும். செவுத்துல ஏத்துன்னாலும் ஏக்தம் ஏறிடும்."

"செவத்துலே நான் பல்லியையே ஏற விடறதில்லே. மலையிலே ஏறினாப் போறும்."

விலை அவளுடைய சேமிப்புக்குள் அடங்கியது. ஓட்டுவதற்குச் சிந்தேயே ஒப்புக்கொண்டார். மீதி இருந்தது, வாங்கலாமா வேண்டாமா என்பது மட்டுமே.

லக்ஷ்மிநாராயணன் ஸ்டோர் கீப்பர். பரிசோதிக்காத ஓர் ஆணியைக்கூட அலமாரியில் ஏற்றாதவர். அவர் தெரிந்தவர்களையெல்லாம் கேட்டார். கட்கியில் ஜீப்பைப் பற்றிக் கருத்து இல்லாத ஆண்பிள்ளை கிடையாது. ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் வந்து, கியர் பெட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, இருமல் இருக்கிறது, காசநோய் இல்லை என்றார். தொழிற்சாலை ஃபோர்மன் அடியில் படுத்துச் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். கணக்கு அலுவலகத்துப் பத்மநாபன் வண்டிக்கு அருகிலேயே வரவில்லை; பட்டாளமே வேண்டாம் என்று கழித்ததைக் குடித்தனக்காரன் வாங்குவானா என்று கேட்டுவிட்டுப் போனார். லக்ஷ்மிநாராயணன் எல்லார் சொன்னதையும் மாலையில் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகச் சொன்னார்.

பட்டு பொறுமையாகக் கேட்டாள்.

"ஏன்னா, எல்லாரும் வண்டி ஏறுமான்னு பாக்கறா. நேக்குச் சாதம் ஏறணும். அதை யார் பாத்தா?"

ஜூன் இரண்டாம் வாரத்தில் மழை வந்தது. மறுநாள் காலை டெம்போ வரவில்லை. பட்டு வால்டருக்குச் சொல்லியனுப்பினாள்: அன்றைய சாப்பாட்டை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவோம், சாப்பாடு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் வண்டியை எடுத்துக்கொள்வேன். வால்டர் உற்சாகமாக வந்தார். லக்ஷ்மிநாராயணன் அரைநாள் லீவு போட்டார்.

சாம்பார் அண்டாவின் மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். ரசம் தூக்குகளில் போயிற்று. சாதத்துக்கு மட்டும் அவளிடம் மாற்ற முடியாத ஒரு முறை இருந்தது. வடித்த சாதத்தை மூங்கில் கூடையில் கொட்டி, ஈரத்துணியால் மூடுவாள். மேலே தட்டு வைக்க மாட்டாள். தட்டு வைத்தால் ஆவி திரும்பி விழுந்து சாதம் குழைந்துவிடும். துணி போட்டால் ஆவி வெளியே போகும், பருக்கை பருக்கையாக நிற்கும். பட்டு மாமி மெஸ் சாதம் என்று பெயர் வாங்கியதே அந்தத் துணியால்தான்.

லக்ஷ்மிநாராயணன் முன்னால் உட்கார்ந்தார். பட்டு பின்னால், அண்டாவுக்குக் காலை முட்டுக் கொடுத்துக்கொண்டு, கூடைமேல் ஒரு கையை வைத்துக்கொண்டாள். ஔந்த் தாண்டி, பௌட் தாண்டி, முல்ஷி ஏரிக்கரை வரை வண்டி முனகிக்கொண்டே போயிற்று. பிறகு அந்தச் சரிவு வந்தது. இரண்டு லாரிகள் ஏற முடியாமல் ஓரத்தில் கிடந்தன. வால்டர் சிலுவை போட்டுக்கொண்டு குட்டி லீவரைத் தள்ளினார். ஏதோ எலும்பு முறிவதுபோல் அடியில் ஒரு சத்தம். ஜீப் ஒருகணம் பின்னால் வழுக்கியது. லக்ஷ்மிநாராயணன் ராமநாமத்தை உரக்கவே சொன்னார். முன்சக்கரங்கள் சேற்றைக் கவ்விப் பிடித்தன. அதன்பின் அந்தக் கிழட்டு வண்டி, வாளித் தண்ணீரோடு படியேறும் பெண்பிள்ளையைப்போல நிதானமாக, ஒரு தடவைகூட நிற்காமல், மேலே போய்ச் சேர்ந்தது.

லாரிக்காரர்கள் கீழேயிருந்து விசில் அடித்தார்கள். வால்டர் இறங்கி வண்டியின் நெற்றியைத் தட்டிக் கொடுத்தார். "சொன்னேனா இல்லியா சார்?" லக்ஷ்மிநாராயணன் முதல் தடவையாகத் தலையை ஆட்டினார். பட்டு மூடிகளைத் திறந்து பார்த்தாள். சாம்பார் சிந்தவில்லை. ரசம் ஒரு கரண்டிகூடப் போகவில்லை. சாதம் மல்லிகைபோல உதிரியாக இருந்தது. வாங்கிவிடலாம் என்று மனத்துக்குள் முடிவே செய்துவிட்டாள்.

தகரக் கொட்டகையில் பந்தி உட்கார்ந்தது. பட்டு தானே பரிமாறினாள். முதல் கவளம் போனதும் பேச்சு நின்றது. பசி என்று நினைத்துக்கொண்டாள். பிறகுதான் கவனித்தாள்: யாரும் இரண்டாம் தடவை சாதம் கேட்கவில்லை. ஓர் ஓவர்சியர் சாதத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் பொரியலை மட்டும் சாப்பிட்டார்.

இன்பநாதன் கை கழுவும் சாக்கில் எழுந்து வந்தான். "மாமி, தப்பா நெனைக்கக் கூடாது. சோத்துல டீசல் வாடை அடிக்கி."

"டீசலா? நேக்கு ஒண்ணும் தெரியலையே!"

"நீங்க அதுக்குள்ளயேதான வந்திய?"

பட்டு வெளியே போய், கூரையிலிருந்து விழுந்த மழைநீரில் முகத்தைக் கழுவி, மூக்கைச் சிந்தி, சற்று நேரம் காற்றில் நின்றாள். பிறகு உள்ளே வந்து ஒரு பிடி சாதத்தை மூக்கருகே கொண்டுபோனாள். முகம் சுருங்கிவிட்டது. ஆவியை வெளியே விட்ட துணி, வழியெல்லாம் புகையை உள்ளே இழுத்துக் கொடுத்திருந்தது.

வால்டருக்குச் சங்கடமாகப் போயிற்று. "ஓட்டையெல்லாம் தகரம் அடிச்சுக் குடுத்துடறேன் மாமி."

"அடிச்சா நின்னுடுமா? நெஜத்தைச் சொல்லுங்கோ."

வால்டர் தலையைச் சொறிந்தார். விற்க வந்தவர்தான், ஆனாலும் அந்தப் பந்தியில் உட்கார்ந்து அதே சாதத்தைச் சாப்பிட்டிருந்தார். "கொறையும், நிக்காது. பின்பக்கம் தொறந்த வண்டிங்க. ஓடறப்ப சைலன்சர் பொகைய அதுவே உள்ள இழுக்கும். புது ஜீப்பு வாங்கினாலும் இதான்."

"அப்போ தட்டைப் போட்டு மூடிடேன்," என்றார் லக்ஷ்மிநாராயணன். ஆச்சரியமாக, அவர்தான் இப்போது ஜீப்பின் கட்சி.

"மூடினா குழையும், தெறந்தா நாறும். களியை நான் போட மாட்டேன். டீசலை இவா சாப்பிட மாட்டா."

சொல்லிவிட்டுக் கொட்டகையின் கோடியைப் பார்த்தபடி நின்றாள். அங்கே, ஓடிப்போன சமையற்காரன் விட்டுப்போன கல் அடுப்புகள் இருந்தன. பக்கத்தில் ஒரு குவியல் விறகு. வெளியே தண்ணீர்க் குழாய். சாதத்தை மலைமேல் ஏற்றுவது எப்படி என்றே இத்தனை நாளும் யோசித்திருந்தாள். அரிசியை ஏற்றுவதில் எந்தச் சிரமமும் இல்லை. மூட்டையில் கட்டிய அரிசியைக் களைந்து வடித்தால் எந்தப் புகையும் மிஞ்சாது.

"இன்பநாதா, இங்கே பொம்மனாட்டி தங்க எடம் இருக்கா?"

"ஓவர்சியர் வீட்டம்மா ஆரோக்கியமேரி அக்கா இருக்காங்க. அவங்க பக்கத்து ரூம்பு காலிதான். ஏன் மாமி?"

லக்ஷ்மிநாராயணனுக்கு அவன் கேட்டு முடிக்குமுன்பே புரிந்துவிட்டது. "பட்டு, விளையாடறயா? இந்த மழையிலே, காட்டிலே, நீ ஒத்தையா? அப்போ கட்கி மெஸ்?"

"சாவித்ரி பாத்துப்பா. பத்து பேருக்குச் சமைக்க அவளுக்குத் தெரியாதா?"

"நான்?"

"நீங்க பதினொண்ணாவது ஆள்."

வால்டர் சிரித்தே விட்டார். பட்டு அவர் பக்கம் திரும்பினாள். "ஒங்க வண்டி நல்ல வண்டிதான். ஆனா நேக்குத் தெனமும் வேண்டாம். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை அரிசியும் காயும் ஏத்திண்டு வந்தாப் போறும். அதுக்கு எதுக்கு வண்டி வாங்கணும்? வாடகைக்கு ஓட்டிண்டு வாங்கோ."

"எனக்கு விக்கத்தான் தெரியும் மாமி. இந்த வாடகை கீடகையெல்லாம் பழக்கமில்ல."

"பழகிக்கோங்கோ. நான் மராத்தி பழகிக்கலையா?"

திங்கட்கிழமை பட்டு மலை ஏறினாள். அணை வேலை எண்பத்திரண்டில் முடிகிறவரை அங்கேதான் சமைத்தாள். மாதம் ஒரு தடவை கட்கிக்கு இறங்கி, சாவித்ரியின் சாம்பாரில் புளி தூக்கலா என்று பார்த்துவிட்டுப் போவாள். காலையிலும் இரவிலும்கூட அவள் கையாலேயே வேண்டும் என்று மலைக்காரர்கள் கேட்க, அணைக்கட்டு மெஸ் பழைய கட்கி மெஸ்ஸைவிடப் பெரிதாயிற்று.

அதெல்லாம் பிறகு நடந்தது. முதல் சனிக்கிழமை மத்தியானம், அரிசி மூட்டைகளுக்கும் பூசணிக்காய்களுக்கும் நடுவே லக்ஷ்மிநாராயணன் ஜீப்பில் வந்து இறங்கினார். வேட்டி முழங்கால்வரை சேறு. கொட்டகைக்குள் ஆட்கள் தட்டோடு நின்றிருந்தார்கள். பட்டு சாதக் கூடையின் துணியை விலக்கிக்கொண்டிருந்தாள். அவர் நேராக அவளிடம் போய், ஐந்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, முதலில் எனக்குப் போடு என்று மெல்லிய குரலில் சொன்னார்.

பட்டு நிமிர்ந்து பார்த்தாள். கண் மட்டும் சிரித்தது.

"தட்டு அங்கே இருக்கு. வரிசையிலே நில்லுங்கோ."