வளைவில் விழுந்த பச்சைக் கார்

அறுபத்திரண்டோ அறுபத்துமூன்றோ, சரியாக நினைவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சின்னத் துரை, அதாவது உதவி மேனேஜர், லீவில் சீமைக்குப் போய்த் திரும்பியபோது பெரிய பெட்டி நிறைய பொம்மைக் கார் ஓட்டப் பாதை கொண்டுவந்தார். கறுப்புத் துண்டுகளை ஒன்றோடொன்று கொளுவினால் எட்டுப் போல வளைந்து ஒரு ரோடு. அந்த ரோட்டில் இரண்டு மெல்லிய பள்ளங்கள், ஒவ்வொரு பள்ளத்துக்கும் இருபுறம் கரண்டு ஓடும் தகட்டுக் கோடு. காருக்கு அடியில் உள்ள ஊசி பள்ளத்தில் இறங்கும், செப்புக் குஞ்சம் கோட்டை உரசும், கார் பறக்கும். கையில் பிடித்திருக்கும் பொத்தானை அழுத்துகிற அளவுக்கு வேகம். இதெல்லாம் பங்களா சமையல்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அதுவரை பங்களாவுக்குள் காலெடுத்து வைத்ததில்லை.

அப்போது நான் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இஞ்சின் ரூமில் தற்காலிகமாக நின்றேன். மெஷின் ரிப்பேர் பார்க்கும் பிட்டருக்குக் கையாளாக இருந்தவன் இந்தியாவுக்குப் போய்விட்டதால் அந்த இடம் காலியாக இருந்தது. அது எனக்குக் கிடைக்காவிட்டால் மறுபடி மலைக்குப் போய்த் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்ட வேண்டும். என் அப்பா கவ்வாத்துக் கத்தியில் முழங்காலை வெட்டிக்கொண்டு கடைசிவரை காலை மடக்க முடியாமல் இருந்தவர். கத்தி வழுக்கி என் காலில் இறங்குவதாக எத்தனை தடவை கனவு கண்டிருப்பேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு ஸ்டோரை விட்டால் வேறு போக்கிடமும் கிடையாது.

பொழுது போகாமல் நான் மரத்தில் செதுக்கிய பஸ் ஒன்று இஞ்சின் ரூம் ஜன்னலில் இருந்தது. சின்னத் துரை அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாள் இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து கிழித்த படமொன்றோடு வந்தார். யுத்தத்துக்கு முந்தைய ரேஸ் கார். பச்சை நிறம், நீள மூக்கு, பானட்டைச் சுற்றித் தோல் பட்டி, ஒரே ஒரு ஆள் உட்காருகிற குழி.

"இது நீ செய்யி மேன். சனிக்கிழமை பக்கத்துத் தோட்டத்துத் துரை வரும். என் காரு ஜெயிச்சா நீ ஸ்டோர்ல பக்கா வேலை. சரியா?"

"சரிங்க தொரை" என்றேன்.

குட்டி மோட்டாரையும் பற்சக்கரங்களையும் அவரே கொடுத்தார். மற்றதெல்லாம் என் பாடு. உடலுக்கு லுனுமிதெல்ல என்ற சிங்களப் பேருள்ள மென்மையான மரம். அதைக் குடைந்து, கண்ணாடித் துண்டால் சுரண்டி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓரம் சிவப்பாகத் தெரிகிற அளவுக்கு மெல்லியதாக்கினேன். சட்டத்துக்குப் பித்தளைத் தகடு, அச்சுக்குச் சைக்கிள் கம்பி, டயருக்குப் பழைய கம்பூட்ஸ் ரப்பர். முன்மூக்கில் காற்றுப் போகிற இடத்துக்கு, தேயிலை சலிக்கும் அரிப்பின் கிழிந்த வலையில் ஒரு துண்டை வெட்டி ஒட்டினேன். தோல் பட்டி அறுந்த செருப்பு வாரிலிருந்து வந்தது. டார்ச் பெட்டரியில் கம்பியைத் தொட்டபோது பின்சக்கரம் சர்ரென்று சுழன்றது.

"கூரை ஒழுகுற எடத்துல ஒரு தகரம் அடிக்க நேரமில்ல" என்றாள் என் மனைவி. அப்போது அவளுக்கு ஏழு மாதம். "தொரை வெளையாட இவரு காரு செய்யிறாராம். பொறக்கப் போற புள்ளைக்கும் சேத்து ஒண்ணு செய்யுங்க, அதுல ஏறி மலைக்குப் போவட்டும்."

வேகமாகப் போனால் வளைவில் கார் பள்ளத்தை விட்டுத் தெறித்துவிடும். அதை எடுத்துத் திரும்ப வைக்க ஒவ்வொரு வளைவிலும் ஆள் வேண்டும். ஒரு வளைவுக்குப் பிட்டர், மற்றதுக்கு நான் என்று சின்னத் துரை சொல்லியனுப்பினார். வெள்ளிக்கிழமை இஞ்சின் ரூமில் பிட்டர் என்னைக் கேட்டார்.

"செருப்புப் போட்டுக்கிட்டு வருவியாடா?"

"பங்களாவுக்குள்ள எப்புடிண்ணே."

"அதத்தான் யோசிக்கிறேன்." கையிலிருந்த எண்ணெயை நிதானமாகத் துடைத்தார். "காரு பொம்மைதான். கரண்டு பொம்மை இல்ல, செவுத்துல இருந்து வர்றது. ரோல் ரூம்ல அந்தப் பய எப்படிக் கெடந்தான்னு பாத்தியில்ல. அவனும் வெறுங்காலு, சிமிந்தித் தரை."

பார்த்திருந்தேன். கொழுந்து உருட்டும் அந்த அறையில் ஈரக் கையால் ஸ்விச்சைத் தொட்டவனின் விரல்கள் கறுத்துப் போயிருந்தன.

"டார்ச் பெட்டரியில ஒண்ணும் செய்யலியேண்ணே."

"டார்ச்சும் பங்களாவும் ஒண்ணாடா? எனக்கு ரப்பர் சப்பாத்து இருக்கு. ஒன்ன நெனச்சாத்தான் பயமா இருக்கு."

பிட்டர் மாதச் சம்பளக்காரர், துரை முன்னால் சப்பாத்துப் போடலாம். நான் போட முடியாது. இரவெல்லாம் புரண்டு, கடைசியில் தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு துண்டு வெட்டிக் கோட்டுச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு போனேன்.

கண்ணாடி அடைத்த விறாந்தையில், பளபளவென்ற சிவப்புச் சிமெந்துத் தரையில் பாதை விரிந்து கிடந்தது. துரைமார் நாற்காலியில், நாங்கள் வளைவில் குந்திக்கொண்டு. யாரும் பார்க்காதபோது பலகையைக் காலுக்குக் கீழே தள்ளிக்கொண்டேன்.

கார் ஓடியது. நான் செய்த கார். விருந்தாளியாக வந்த பக்கத்துத் தோட்டத்துத் துரை கடையில் வாங்கிய நீலக் காரைத் தாண்டி, என் முட்டிக்குப் பக்கத்தில் மூக்கைத் திருப்பிக்கொண்டு ஓடியது. அவருடைய பெண்சாதி கைதட்டினாள். கொஞ்ச நேரம் நான் பயத்தையே மறந்திருந்தேன்.

பிறகு சின்னத் துரை பொத்தானை இறுக அழுத்திவிட்டார். பச்சைக் கார் என் வளைவில் தெறித்து மல்லாந்து விழுந்தது.

மர உடலைப் பிடித்துத் தூக்கினேன். ஊசியைப் பள்ளத்தில் இறக்க வேண்டுமென்றால் விரல் கோட்டருகே போக வேண்டும். போகவில்லை. சற்று மேலேயிருந்து விட்டேன். சாய்ந்து விழுந்தது. மறுபடி எடுத்து விட்டேன். மறுபடி சாய்ந்தது. நீலக் கார் என்னைக் கடந்தது, திரும்பவும் கடந்தது.

"போடு மேன். போடு, போடு."

விரலைச் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டு வைத்ததில் ஊசி எங்கே, பள்ளம் எங்கே என்று தெரியவில்லை. ஓட்டம் முடிந்துவிட்டது.

சின்னத் துரை எழுந்து வந்தபோதுதான் பலகையைக் கண்டார். "என்னா இது?"

பிட்டர்தான் பதில் சொன்னார். "கரண்டுக்குப் பயந்து கொண்டாந்திருக்கான் தொரை. வெறுங்காலுல ஷாக் அடிக்குமாம்." சொல்லிவிட்டு முதலில் சிரித்ததும் அவர்தான். விருந்தாளித் துரை அதை இங்கிலீஷில் பெண்சாதிக்குச் சொல்ல, அவள் சிரித்த சிரிப்பில் கோப்பைத் தேத்தண்ணி மடியில் கொட்டியது.

சின்னத் துரை பலகையைக் காலால் எத்திவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேணாம் தொரை. புள்ளத்தாச்சிப் பொண்டாட்டி இருக்கு தொரை."

உள்ளங்கை கோட்டில் படுமுன்பே நான் அலறிவிட்டேன். பிறகு பட்டது. ஒன்றுமில்லை, குளிர்ந்த தகடு. சுவரோரம் இருந்த சின்னப் பெட்டி கரண்டை டார்ச் அளவுக்குக் குறைத்துவிடுகிறதாம். அது பிட்டருக்குத் தெரிந்திருந்தது. நான் அலறியதை விருந்தாளித் துரை அதே குரலில் செய்து காட்டினார். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் சிரித்தேன்.

"கரண்டுக்குப் பயப்படுற ஆளு இஞ்சின் ரூமுக்கு எதுக்கு?" என்று சின்னத் துரை பிட்டரைக் கேட்டார்.

"அதானே தொரை" என்றார் பிட்டர்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளும் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள், அடுப்புப் பக்கம் திரும்பி, "அப்ப நாளைக்குக் கத்தியத் தீட்டி வைக்கணும்" என்றாள்.

திங்கட்கிழமை காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், என் பேரைக் கவ்வாத்துக்குப் போட்டார்கள். ஸ்டோர் வாசலில் எண்ணெய்த் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பிட்டரின் மச்சான் நின்றான். அன்றைக்குத்தான் அவனை வேலைக்கு எடுத்திருந்தார்கள்.

"கரண்டுக்காரரே, பாத்து வெட்டுங்க" என்றான் பக்கத்து வரிசையில் நின்றவன். "தேயிலைச் செடியில எது வழியா வருதுன்னு சொல்ல முடியாது." கங்காணியும் சேர்ந்து சிரித்தார். அந்தப் பேர் லயத்து வீடுகள் முழுக்கப் பரவ ஒரு பகல் போதுமாயிருந்தது.

அடுத்த மாதம் பிட்டர் எங்கள் ஒற்றைக் காம்பரா வீட்டுக்கே வந்தார். கையில் இன்னொரு படம்.

"தொரைக்கு இன்னொரு காரு வேணுமாம். செவப்பு."

கவ்வாத்தில் வந்த கொப்புளம் உடைந்து உள்ளங்கை எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணே, அன்னைக்கு நீங்க சொன்னது..."

"வெளையாட்டுக்குச் சொன்னேன்டா. நீ நம்புவேன்னு யாருக்குத் தெரியும்? இப்ப என்னா, முடியாதுன்னு தொரைகிட்ட சொல்லவா?"

அவர் கேட்ட தோரணையில், பிறக்கப்போகிற பிள்ளை, இருக்கிற காம்பரா, கூலிக்குப் பேர் விழுகிற நாட்கள் எல்லாம் ஒரே நொடியில் கண்முன் வந்து போயின. செய்கிறேன் என்றேன்.

கொப்புளத்துக்குத் துணி சுற்றிக்கொண்டு செதுக்கினேன். பச்சைக் காரைவிட நன்றாக வந்தது. பிட்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, துணியில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"வளைவுல மச்சான் ஒக்காருவான். நீ வர வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.