அக்காவுக்குப் பத்து இடத்து மண்

அக்கா கர்த்தருக்குள் உறங்கி ஓராண்டு நிறைகிறது. “தம்பி, நினைவஞ்சலி நீதான் எழுதணும்” என்று அக்காவின் கணவரான மச்சான் வெள்ளைத் தாளைக் கையில் கொடுத்து மூன்று மாதம் ஆகிவிட்டது. மிஷன் பள்ளி அலுவலகத்தில் முப்பது வருடம் கடிதம் எழுதியவன் நான். விடுப்பு விண்ணப்பம் என்றால் தூக்கத்தில்கூட எழுதிவிடுவேன். அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மட்டும் பேனா நகர மறுக்கிறது. இப்படி ஒருவர் எங்கள் வீட்டில் எப்படிப் பிறந்தார் என்ற வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

அக்கா பிறந்தது விளாங்குடியில். அப்பா மிஷன் பள்ளி ஆசிரியர். எங்கள் வீட்டில் மண் என்றால் ரோஜாத் தொட்டியில் இருப்பது மட்டும்தான். நெல் எந்த மாதத்தில் அறுவடையாகும் என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது. அந்த வீட்டில் நின்றுகொண்டு அக்கா, வேளாண்மை படிக்கப் போகிறேன் என்றார். அம்மா அழுதே விட்டார்.

“டீச்சர் வேலைக்குப் போனா நெழல்ல இருக்கலாம்டி. உன்னைய யாரு வெயில்ல வரப்புல போயி நிக்கச் சொன்னா?”

“நெழல்ல இருக்குறவங்களுக்குத்தான் அம்புட்டு டீச்சர் இருக்காங்களேம்மா” என்றார் அக்கா.

அக்கா இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அப்பா காலமானார். அக்கா விடுமுறைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத் தானும் படித்தார், என்னையும் படிக்க வைத்தார். அந்த நாட்களில் எனக்கு ஒரே ஒரு ஜோடிச் செருப்புதான் என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்குச் செருப்பே இல்லை என்பது வெகுநாள் கழித்துத்தான் என் மண்டையில் ஏறியது.

படித்து முடித்ததும் விவசாயிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு மையத்தில் வேலை கிடைத்தது. பரவையைத் தாண்டிப் போகும் கிராமங்கள் அக்காவின் பொறுப்பு. அவற்றில் ஒன்று புதுக்கண்மாய்ப்பட்டி. அங்கே நடந்ததை அக்கா தன் வாயாலேயே எல்லோரிடமும் சொல்வார் என்பதால், நானும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அந்த ஊரில் எல்லோரும் பக்கத்து வயலைப் பார்த்து உரம் போடுகிறார்கள், தன் மண்ணில் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை என்று அக்கா கவலைப்பட்டார். பள்ளிக்கூடக் கட்டடத்தில் கூட்டம் போட்டார். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்று படம் காட்டி இரண்டு மணி நேரம் விளக்கினார். கடைசியில், “ஆளுக்கு ஒரு கிலோ மண்ணு வயல்ல இருந்து கொண்டாங்க, பரிசோதனைக்கு அனுப்புவோம்” என்று சொல்லி முடித்துவிட்டார்.

பதினான்கு பேர் கொண்டுவந்தார்கள். முடிவு வந்தபோது பதினான்கும் ஒன்றுக்கொன்று போட்டி போட்டுக்கொண்டு நன்றாக இருந்தன. எல்லாவற்றிலும் சத்து ஏராளம். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. “இப்படி மண்ணு நம்ம பக்கத்துல எங்கயுமே இல்லடா” என்று சாப்பாட்டு மேசையில் எனக்குப் பாடம் எடுத்தார். மறுநாளே ஊருக்குப் போய், இந்தப் போகத்துக்கு யூரியாவைப் பாதியாகக் குறையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்.

பெரியசாமி அண்ணன் மட்டும்தான் அதைச் சொன்னபடி செய்தார். அவருக்கு ஒரே ஒரு வயல். அதில் விளைவதுதான் வருடத்துக்கும் வீட்டுச் சோறு. முந்தைய இரண்டு போகமும் கையைக் கடித்திருந்தன. “இதுவும் போச்சுன்னா வயல வித்துட்டு, பொண்டாட்டி பிள்ளையோட திருப்பூரு பனியன் கம்பெனிக்குப் போயிருவேன்” என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நட்டு ஒரு மாதத்தில் அவருடைய பயிர் முழுக்க மஞ்சளாகப் போனது. பக்கத் தண்டுகள் வெடித்துத் தூர் கட்டவில்லை.

அக்கா போய்ப் பார்த்தபோது பெரியசாமி அண்ணன் ஒரு பயிரைப் பிடுங்கி அக்கா கையில் கொடுத்தாராம். அவர் மனைவி முத்துப்பிள்ளை அண்ணிதான் பேசினார்.

“ஆபீசரம்மா, நீங்க சொன்னபடிதானே செஞ்சோம்?”

“எந்த எடத்துல அண்ணி மண்ணு எடுத்தீங்க?”

“இதென்ன கேள்வி? கவர்மெண்டுக்கு அனுப்புறதுன்னா கண்ட மண்ணையுமா அள்ளிக் குடுக்குறது? எருக்குழி ஓரத்துல நல்லதா பாத்து எடுத்து, கல்லு மண்ணு இல்லாம சலிச்சுல்ல குடுத்தோம்! நாங்க மட்டுமா? ஊருல அம்புட்டுப் பேரும் அப்படித்தான் குடுத்தாக.”

அன்று மாலை அக்கா வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. நான் விஷயத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். இப்படியும் ஆட்கள் இருப்பார்களா என்றேன். அக்கா சிரிக்கவில்லை.

“பாஸ்டர் ஐயா வீட்டுக்கு வாராகன்னா நம்ம அம்மா என்ன செய்யும்? கிழிஞ்ச பாயெல்லாம் கட்டிலுக்கு அடியில தள்ளும்ல? அவங்களும் அதத்தான் செஞ்சிருக்காங்க. எங்க எடுக்கணும், எங்க எடுக்கக்கூடாதுன்னு நான்ல சொல்லியிருக்கணும். ரெண்டு மணி நேரம் எனக்குத் தெரிஞ்சத பேசிட்டு வந்திருக்கேன்டா. அவங்களுக்கு வேண்டியது ஒண்ணைக்கூடச் சொல்லல.”

அக்கா வேலைக்குச் சேர்ந்து அப்போது நான்கு வருடம்தான். விவசாயிகள் சொன்னபடி செய்யவில்லை என்று அறிக்கை எழுதியிருந்தால் ஒரு கேள்வி வந்திருக்காது. அலுவலகக் காகிதத்தின் நெளிவு சுளிவு தெரிந்தவன் என்ற முறையில் நானே அந்த வாசகத்தை எழுதித் தருகிறேன் என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் எழுந்து போய்விட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

மறுநாள் காலையில் அக்கா புதுக்கண்மாய்ப்பட்டிச் சாவடியில் ஊர்க்காரர்கள் முன்னால் நின்று, “தப்பு என்னோடது. நீங்க மண்ணு எடுத்தது தப்பில்ல, நான் சொல்லிக் குடுத்ததுதான் தப்பு” என்று மன்னிப்புக் கேட்டார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பெரியசாமி அண்ணன் வயலில் இறங்கினார். குறைத்த யூரியாவை உடனே மேலுரமாகப் போட வைத்தார். மூன்று வாரம் நாள் தவறாமல் பேருந்து பிடித்துப் போய் அந்தப் பயிரைப் பார்த்துவிட்டு வந்தார். நோயாளியைக்கூட யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள். பயிர் மெல்லப் பச்சை பிடித்தது. முழு விளைச்சல் வரவில்லை. ஆனால் வருடச் சாப்பாட்டுக்குத் தேறியது. பெரியசாமி அண்ணன் திருப்பூருக்குப் போகவில்லை. அதுவரை ‘ஆபீசரம்மா’ என்றவர் அன்றிலிருந்து ‘தங்கச்சி’ என்று கூப்பிட ஆரம்பித்தார்.

அறுவடை முடிந்ததும் அக்கா மறுபடி பயிற்சி வைத்தார். இந்தத் தடவை கட்டடமும் இல்லை, படமும் இல்லை. வயலுக்குள்ளேயே எல்லோரையும் நிறுத்தி, மண்வெட்டியைத் தான் பிடிக்காமல் அவர்கள் கையில் கொடுத்தார். வரப்போரம் வேண்டாம், மரத்தடி வேண்டாம், எருக்குழிப் பக்கம் தலைவைத்தே படுக்கக் கூடாது. வயலில் பத்து இடத்தில் மேல்குப்பையை ஒதுக்கி, அரையடி ஆழத்துக்கு வெட்டி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, நிழலில் காயவைத்துத் துணிப்பையில் கட்ட வேண்டும். முத்துப்பிள்ளை அண்ணிதான் முதல் ஆளாக வெட்டினாராம். அந்த ஒரு ஊரில் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் அக்கா மற்ற எல்லா ஊரிலும் வேலை செய்தார். எதைச் சொல்லிக் கொடுக்கப் போவதற்கு முன்னாலும், “நீங்க இத எப்படிச் செய்வீங்க, செஞ்சு காட்டுங்க” என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

கைப்பேசி வந்த பிறகும் அதே கதைதான். பூச்சி விழுந்த பயிரைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்றால், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பயிருக்கு முன்னால் சிரித்தபடி நிற்கும் படம் வரும். பூச்சி எங்கே என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். அக்கா சலிக்காமல் பேசுவார். “அண்ணே, நீங்க அழகாத்தான் இருக்கீங்க. அந்த இலையத் திருப்பி அடிப்பக்கத்தக் காட்டுங்க.” பணி ஓய்வுக்குப் பிறகும், மருத்துவமனைக் கட்டிலில் இருந்த கடைசி வாரத்திலும் அந்தப் படங்கள் வந்துகொண்டே இருந்தன. பேச முடியாமல் போனபோது மச்சான் படத்தைக் காட்டுவார், அக்கா கையைத் திருப்பிக் காட்டுவார். இலையைத் திருப்பச் சொல்கிறார் என்று மச்சான் பதில் அனுப்புவார். உயிர் போகிற நேரத்தில் ஒருவருக்கு அடுத்தவர் வயலின் இலை எப்படி நினைவில் இருக்கும்? நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

அக்காவின் சுகவீனத்தில் இரவு பகல் பாராமல் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வீட்டுக்கு வந்து ஜெபித்த போதகர் ஐயாவுக்கும், பாடகர் குழுவினருக்கும், எங்களுக்கு மூன்று நாள் அடுப்பு பற்றவைக்க விடாத விளாங்குடித் தெருக்காரர்களுக்கும், பழங்காநத்தத்திலிருந்து தினமும் வந்துபோன சித்தி வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவுக்கு ஒரு குறையும் வைக்காத மச்சானுக்கு நன்றி என்று எழுதினால் கோபித்துக்கொள்வார். ஆனாலும் எழுதுகிறேன்.

இன்னும் சிலருக்கு நன்றி சொல்ல வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் முடிந்து, எல்லோரும் ஒரு பிடி மண் போட வரிசையில் நின்ற நேரத்தில், வாசலில் ஒரு குட்டியானைச் சரக்கு வண்டி வந்து நின்றது. புதுக்கண்மாய்ப்பட்டியிலிருந்து ஆணும் பெண்ணுமாக இருபது பேர் இறங்கினார்கள். ஆளுக்கொரு துணிப்பை கையில். எழுபதைத் தாண்டிய பெரியசாமி அண்ணன் நேராக என்னிடம் வந்து பையை அவிழ்த்துக் காட்டினார்.

“எருக்குழி ஓரத்து மண்ணு இல்ல தம்பி. நேத்து சேதி கேட்டதும் வயல்ல பத்து எடத்துல வெட்டி எடுத்து, கலந்து, நெழல்ல ஒணத்திக் கொண்டாந்தோம். தங்கச்சி சொன்ன மாதிரியே. போடலாமா?”

நான் போதகர் ஐயாவைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். இருபது வயல் மண்ணும் ஒவ்வொன்றாக அக்காவின் மேல் விழுந்தது. அதுவரை அடக்கி வைத்திருந்த நான் அங்கேதான் வாய்விட்டு அழுதேன்.

பைகளோடு சீட்டும் கட்டியிருந்தார்கள், பரிசோதனைக்கு அனுப்பும்போது கட்டச் சொல்லி அக்கா பழக்கியது. பெரியசாமி அண்ணனின் சீட்டு இப்போது என் வேதாகமத்துக்குள் இருக்கிறது. பெயர், ஊர், வயல் எல்லாம் முத்துப்பிள்ளை அண்ணியின் கையெழுத்தில் இருக்கின்றன. அடுத்துப் போடப்போகும் பயிர் என்ற இடத்தையும் அவர் காலியாக விடவில்லை. ‘நெல்’ என்று எழுதியிருக்கிறார்.