அம்பத்தூரில் இறங்காத நாள்

1973 கோடையில், பட்டாபிராமிலிருந்து சென்ட்ரல் போகும் காலை ரயிலில் தினமும் அவரைப் பார்ப்பேன். நாற்பதை நெருங்கியவர், காதோரம் நரை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டினார். தெற்கே ஒரு சித்த மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தார். புத்தகத்தில் ஓர் எலும்பைப் படித்ததும், பக்கத்தில் நிற்பவரின் தோளிலோ முட்டியிலோ அதைத் தடவித் தேடுவார்.

“நீ டாக்டராவறதுக்குள்ள நான் பூடுவேன் அண்ணாத்தே,” என்றார் எங்களோடு வரும் பூக்காரர்.

“அஞ்சு வருசம் தாங்கு மாமே. உன் முட்டிதான் மொத கேஸு.”

சென்னையில் நேர்முகத் தேர்வு நடந்த அன்று சலவைச் சட்டையில் வந்தார். அம்பத்தூரில் இறங்கவில்லை. கேலி செய்த பூக்காரரே எழுந்து, “குந்து டாக்டரே, சட்டை கசங்கிடப் போவுது,” என்று இடம் கொடுத்தார்.

ஆடிக்குப் பிறகு அவர் ரயிலில் வரவில்லை. கல்லூரியில் சேர்ந்துவிட்டார் என்றே நம்பினோம். தொழிற்பேட்டையில் விசாரிக்க மட்டும் எங்களில் யாருக்கும் துணிவு வரவில்லை.